வலிச்சா இன்னொண்ணு

ராத்திரி பதினொன்றரை. ஆற்றுப் பாலம் தாண்டினால் ஒரு விளக்குகூடக் கிடையாது... அந்த வழியில் ஸ்கூட்டரில் தனியாக வந்துகொண்டிருந்தார் நம் டெய்லரின் மச்சான். மருந்துக்கடைக்காரர். சிரிக்காதீர்கள், டெய்லர் இங்கேதான் இருக்கிறார், அவரையே கேளுங்கள். முதலில் யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்.

பின்னால் ஒரு சத்தம். டப்... டப்... அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குகிற சத்தம். கூடவே பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை.

அந்த வாடை அவருக்குத் தெரியும். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பெயிண்டருடையது. டாக்டர் ஐந்து நாளைக்குத்தான் அந்த வலி மாத்திரையை எழுதினார். அபின் வகை மாத்திரை. சீட்டில்லாமல் விற்றால் கம்பி எண்ண வேண்டும். இந்த மகராசன் விற்றார். ஒன்று போதாமல் இரண்டு, இரண்டு போதாமல் நாலு என்று கை நடுங்க வந்து நின்றவனிடம், "வலிச்சா இன்னொண்ணு போட்டுக்கப்பா" என்று சிரிப்பார். கடைசியில் அந்த மனுஷனுக்குத் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோனது. இவர் எழவு வீட்டுப் பக்கம்கூடப் போகவில்லை. 

இத்தனைக்கும், அந்த ராத்திரிக்குப் பத்து நாள் முன்னால் தன் மகள் கால் உடைந்து துடித்தபோது அதில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. "பழகிடும்டி, வேணாம்" என்றாராம் மனைவியிடம். அடுத்தவனுக்குப் பழகினால் பரவாயில்லையா?

பாலம் தாண்டியதும் சத்தம் அவரை முந்திக்கொண்டு போனது... அவர் வீட்டுப் பக்கம். அடித்துப்பிடித்து வந்து கதவைத் தட்டினார். மனைவி திறந்தாள்.

"மெதுவாங்க, இப்பதான் அசந்து தூங்குறா. நீங்க குடுத்தனுப்புற மாத்திரை நல்லா கேக்குது."

"நான் யாரை அனுப்பினேன்?"

"ஒரு வாரமா ராத்திரி ஒருத்தர் வந்து குடுக்குறாரே, கையெல்லாம் வெள்ளைப் பெயிண்டோட. சீட்டெல்லாம் எதுக்கு, வலிச்சா இன்னொண்ணு போட்டுக்கச் சொல்லுங்கன்னாரு..."

கட்டிலில் மகள். கொர்... கொர்... என்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நீலம். பக்கத்தில் காலி அட்டை. அதில் இன்னும் காயாத வெள்ளை விரல் தடம்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். கடைக்கு அன்றோடு பூட்டு. இப்போது காலும் கூடிவிட்டது. ஆனால் இருட்டிவிட்டால் போதும், அந்தப் பிள்ளை வியர்த்து நடுங்கிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறாளாம்.

"வெள்ளைக் கை மாமா ஏம்மா இன்னும் வரல?"