மஞ்சள் ஒயர் என்னுடையதல்ல

காவல்துறை அதிகாரி கீட்டிங் அவர்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். குழந்தைக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அவள் தூங்கி இருபது நிமிடம்தான் ஆகிறது. மணி ஒன்று பத்து, ஆகவே புதன்கிழமை பிறந்துவிட்டது. நீங்கள் விட்டுச்சென்ற தாள்களில் எழுதி, போட்டோ எடுத்து உங்கள் எண்ணுக்கு அனுப்புகிறேன். சனிக்கிழமை எங்கள் முற்றத்தில் நான் வாய்மொழியாகச் சொன்னதில் ஒரு வரி தவறு. அதைத் திருத்தவே இந்த வாக்குமூலம்.

என் பெயர் கெண்ட்ரா பெல்வில். வயது இருபத்தெட்டு. கணவர் பெயர் டேரன் பெல்வில். வெர்மான்ட் மாநிலம், ஹார்லோ மில், குவாரிச் சாலை, 412ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், விலா, வயது ஒன்றரை. மாநிலக் கல்லூரியில் மண்ணியல் படித்தேன். தற்போது வீட்டில் இருக்கிறேன்.

சனிக்கிழமை விபத்து நடந்த டிராக்டர் எனக்குச் சொந்தம். முன்பக்கம், மண் அள்ளும் இரும்புப் பக்கெட்டோடு லோடர் பொருத்திய சிறிய டிராக்டர். வயது முப்பத்தொன்று, என்னைவிட மூன்று வயது மூத்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கினேன். லோடரின் மூட்டுகளுக்குக் கிரீஸ் வைப்பதும், கசியும் ஹைட்ராலிக் குழாய்களை மாற்றுவதும், எலி கடித்த ஒயர்களைச் சரிசெய்வதும் நான்தான். டேரன் ஓட்டுவார், நான் பார்த்துக்கொள்வேன்.

வண்டி கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகக் கூடாது என்பதற்காக அதில் ஒரு சுவிட்ச் உண்டு. போன செப்டம்பரில் நான்தான் அதைப் புதிதாகப் போட்டேன். இங்கே பனி உருகிச் சேறாகும் மாதத்தில் யாரும் சேற்றுப் பூட்ஸோடு ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வதில்லை. தரையில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்புவோம். கியரில் இருந்தால் சத்தமே வராது. அப்போது நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மறுபடி திருப்புவோம். எனக்குச் சோதனை என்பதே அந்தச் சத்தமின்மைதான். அப்படிச் செய்யக் கூடாது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பில் அச்சிட்டிருக்கிறது. அந்தத் தப்பு என்னுடையது. அதை யார் தலையிலும் கட்டவில்லை.

மார்ச் 29ஆம் தேதி டேரனின் அண்ணன், லாரி ஓட்டும் ஷேன் பெல்வில், தன் மேப்பிள் மரச்சாற்றுப் பாகு காய்ச்சும் கொட்டகைக்கு விறகு தள்ள வேண்டும் என்று டிராக்டரை இரவல் வாங்கிப் போனார். அதன் பிறகு ஏப்ரல் 2ஆம் தேதி மாலை திருப்பிக் கொண்டுவந்தார். இரவல் வண்டியை இங்கே எப்படித் திருப்பித் தர வேண்டுமோ அப்படியே தந்தார். டீசல் நிறைந்திருந்தது, பக்கெட்டைக் கழுவித் தரையில் இறக்கியிருந்தார், மூட்டுகளில் புதுக் கிரீஸ், சீட்டின் மேல் ஒரு பாட்டில் பாகு. அதுவரை ஒருமுறைகூட அவர் டீசல் ஊற்றித் தந்ததில்லை.

“என்ன ஷேன், உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன்.

“உன் வண்டியில ஒரு கீறல் விழுந்தா நீ என் தோலை உரிச்சுத் தொங்கவிட்ருவியே, அந்தப் பயம்தான்,” என்றார். டேரன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வந்த வண்டியை, கொண்டுவந்தவர் முன்னால் குனிந்து சோதிப்பது எங்கள் பக்கத்தில் முகத்தில் அடிப்பது போல. அவர் போன பிறகும் நான் சோதிக்கவில்லை.

அதன் பிறகு ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை மாலை டேரன் டிராக்டரால் சரளைக்கல் தள்ளிவிட்டு, ஹேண்ட் பிரேக் தளர்ந்திருப்பதால், முற்றத்துச் சரிவில் கியரில் போட்டு நிறுத்தினார். சரிவில் இங்கே எல்லோரும் செய்வதுதான் அது.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குப் பக்கத்து வீட்டு லோர்னா டட்டில், வயது அறுபத்தொன்று, தோளில் சங்கிலியோடு நடந்து வந்தார். “கெண்ட்ரா, என் பாதையில ஒரு மரம் படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. உன் கிழவனைக் கொஞ்சம் எழுப்பேன்,” என்றார். டிராக்டரை அவர் அப்படித்தான் சொல்வார். விலா வாசற்படியில் தடுப்புக்குள் விளையாடிக்கொண்டிருந்தாள். லோர்னா பக்கெட்டுக்கு முன்னால் நின்று, அதன் கொக்கியில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் விறகு அடுக்கு. நான் தரையில் நின்று சாவியைத் திருப்பினேன். வண்டி ஸ்டார்ட் ஆகி நான்கு அடி முன்னே பாய்ந்தது. எஞ்சினை நிறுத்தும் குமிழை நான் பிடித்து இழுப்பதற்குள் பக்கெட் லோர்னாவை விறகு அடுக்கோடு நெரித்துவிட்டது. அவர் கத்தவில்லை. “குழந்தைய அந்தப் பக்கம் திருப்பு, அவ பாக்க வேண்டாம்,” என்று மட்டும் சொன்னார். இடது தொடை எலும்பும் முட்டியும் உடைந்தன என்பது உங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு நீங்கள் வந்து, இந்த வண்டியின் ஒயரிங் வேலை யாருடையது என்று கேட்டீர்கள். எல்லாமே நான்தான் என்று சொன்னேன். டேரன் என் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அதைச் சொல்லும்போது என் தோளில் கை வைத்து மெல்ல அழுத்தினார். ஆறுதல் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிறு மாலை விலாவைக் கட்டிலில் விட்டுவிட்டு, டார்ச்சோடு டிராக்டருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் அறுத்து, ஒரு மஞ்சள் ஒயரால் நேராக இணைத்திருந்தார்கள். அதாவது கியரில் இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். இணைப்பில் வீட்டு ஒயரிங்கில் போடும் ஆரஞ்சு நிற முறுக்கு மூடிகள், மேலே நீல டேப். நான் எந்த இணைப்பையும் ஈயம் வைத்துத்தான் பற்றவைப்பேன். என் கொட்டகையில் மஞ்சள் ஒயரே கிடையாது. எதையும் தொடாமல் ஆறு போட்டோ எடுத்தேன்.

அதன் பிறகு வீட்டுக்குள் வந்து டேரனிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

“ஷேன் அன்னிக்கே சொன்னான். சுவிட்ச் அவன்கிட்ட இருக்கும்போது செத்துப்போச்சாம். சேறு காயட்டும், அப்புறம் உன்கிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன். தெரிஞ்சா நீ இனிமே அவனுக்கு வண்டியே குடுக்க மாட்ட.”

“போலீஸ் கேட்டப்ப சொல்லிருக்கலாமே?”

“நீதான் முந்திக்கிட்டியே. அவன் லைசன்ஸ் மேல ஏற்கெனவே கேஸ் ஓடுது, கெண்ட்ரா. லாரி போச்சுன்னா அவன் குடும்பமே போச்சு. உன்மேல ஒரு கேஸும் இல்ல, உன்னை என்ன பண்ணிருவாங்க?”

ஏப்ரல் 2க்கும் 13க்கும் இடையில் நான் நான்கு முறை தரையில் நின்று அந்த வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கிறேன், நான்கு முறையும் தற்செயலாக அது நியூட்ரலில் இருந்தது. அதில் இரண்டு முறை விலா என் இடுப்பில் இருந்தாள். ஒரு முறை டேரன் சமையலறை ஜன்னலில் காபிக் கோப்பையோடு நின்று அவளுக்கு டாட்டா காட்டினார்.

நேற்று மதியம் ஷேன் போன் செய்தார். இன்று மாலை நாலு மணிக்கு டிரெய்லரோடு வந்து, டிராக்டரை எடுத்துப்போய் “சுவிட்சை நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்” என்றார். டேரன் சரி என்றுவிட்டார். நான் பேட்டரியைக் கழற்றி விலாவின் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், சாவி அவளுடைய டயப்பர் பையில் இருக்கிறது. ஆனால் டிரெய்லரில் ஏற்ற இவை இரண்டும் தேவையில்லை.

விபத்து விலாவின் கண்முன் நடந்ததால், நாளை வியாழன் காலை பத்து மணிக்குக் குழந்தைகள் நலத்துறை அம்மையார் வருகிறார். பாதுகாப்புச் சுவிட்சை உரிமையாளரே முடக்கினார் என்று உங்கள் அறிக்கையில் இருந்தால், விலாவை யாரிடம் விடலாம் என்று அவர் கேட்பார். டேரன் தன் அம்மா வீட்டு முகவரியை இப்போதே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறார்.

தரையில் நின்று சாவியைத் திருப்பியது நான். மஞ்சள் ஒயரைப் போட்டது நானல்ல. எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இதில் உள்ளது அனைத்தும் நடந்தது நடந்தபடி, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானே என் கைப்பட எழுதியது.

(ஒப்பம்) கெண்ட்ரா பெல்வில்

மாலை நாலு மணிக்கு முன்னால் யாராவது வந்து அந்த ஒயரைப் பார்த்துவிட வேண்டும். போன் என் கையிலேயே இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.