நாற்பத்தொரு கூரைகள்

வரைபடத்துக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் நான் கெட்டிக்காரி. எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காடுள்ள நாடுகள், காட்டை அழிக்காமல் காப்பதற்குக் கிடைக்கும் கார்பன் நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது மரத்தை அளக்க, படம் வரைய, படிவம் நிரப்பக் கூடவே இருந்து உதவுவது எங்கள் வேலை. தொழில்நுட்ப உதவி என்று கதவில் எழுதியிருக்கும்.

தலைமை ஆலோசகர் படத்தைப் பார்க்கவே மாட்டார். ஓரத்துக் குறிப்புகளில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சிவப்புப் பேனாவோடு தேடுவார். இல்லையென்றால் கையெழுத்து. ஆறு வருடமாக அப்படித்தான்.

என் அப்பா மரம் வெட்டும் கூலியாக இருந்தவர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். போன வருடம், மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். வெளிநாட்டு அதிகாரிகள் வந்திருந்த நேரம். ஆலோசகர் அவர் தோளில் கைபோட்டு அறிமுகம் செய்தார்.

"இவரு வெட்டித் தள்ளினவரு. பொண்ணு இங்க உக்காந்து மிச்சம்மீதிய எண்ணிட்டிருக்கு."

அறையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், கையைக் கட்டிக்கொண்டு. பேருந்து நிறுத்தத்தில், "பெரிய மனுஷன், நம்மள மதிச்சுத் தோள்ல கை போட்டாரு பாத்தியா" என்றார்.

அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அவசரப்படவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. அடர்ந்த காட்டுக்குள் இருக்கும் வீடுகள் வானத்திலிருந்து எடுத்த படத்தில் தெரியாது, இலைகள் மூடிவிடும். யாராவது நடந்துபோய்ப் பார்த்துப் புள்ளி வைக்க வேண்டும். நான்தான் நடந்தேன். நாற்பத்தொரு வீடுகள். கடைசி வீட்டில் கர்ப்பமாக இருந்த ஓர் அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு, இடம் குறிக்கும் என் கருவியை எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டையும் போட்டுட்டியாம்மா? விட்டுட்டா ஆளே இல்லாத காடுன்னுடுவாங்க."

"போட்டாச்சுக்கா."

போட்டிருந்தேன். அலுவலகத்துக்கு வந்துதான் எடுத்தேன். நாற்பத்தொரு புள்ளிகளையும் அழித்து, சுற்றியிருந்த அதே கரும்பச்சையைப் பூசினேன். குறிப்புகளில் ஒரு பிழைகூட விடவில்லை. ஆலோசகர் கையெழுத்துப் போட்டார். நிதி கொடுப்பவர்களின் சரிபார்க்கும் குழு காட்டுக்குப் போகும், ஊரைப் பார்க்கும், அவர் மானம் போகும். என் திட்டம் அவ்வளவுதான்.

குழுவும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து படத்தைத்தான் பார்த்தது. நிறம் அருமை என்றார்கள்.

பிறகு வனக்காவலர்களிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் படத்தின்படி ஆளில்லாக் காட்டில் புகை தெரிகிறது, அத்துமீறிய குடிசைகளாக இருக்கும், அகற்றலாமா என்று. முதலில் என் மேசைக்குத்தான் வந்தது. எட்டு நாள் வைத்திருந்தேன். மனம் மாறி யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். ஆலோசகர் வெளியூரில் இருந்தார். 'அகற்றலாம்' என்பதன்கீழ் அவர் கையெழுத்தே விழ வேண்டும். அவர் வந்ததும் பதிலை நானே தட்டச்சு செய்து, பிழை பார்த்து, நீட்டினேன்.

விடியும் நேரத்தில் காவலர்கள் வீடுகளுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அந்த அக்காவுக்குப் பிரசவமாகி மூன்று நாள். அவளும் குழந்தையும் சேர்த்து ஐந்து பேர்.

விசாரணையில், கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஆலோசகர் ஒப்புக்கொண்ட பிறகே வாக்குமூலம் கொடுக்க உங்களிடம் வந்தேன். யார் செய்தது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வெட்டாதீர்கள். இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஐந்து பேர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.