பூவுக்கு மூச்சு முட்டும் என்றவர்

டீ நல்லா இருக்கு சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை, குடிச்சிடறேன். நீங்க நிதானமா எழுதிக்குங்க, நானும் நிதானமாவே சொல்றேன். எடுத்தேன் கவிழ்த்தேன்னு எதையும் செய்யுற ஆள் நான் இல்லை. அது என் தங்கச்சிக்கே தெரியும்.

நான் பூசணி ஒட்டுச் சேர்க்கிறவன். விதைக் கம்பெனி ஆராய்ச்சித் தோட்டத்துல வலைக் கூடாரம் ஒண்ணு என் பொறுப்பு. மெல்லிசுத் தோல், நல்ல இனிப்பு, ஆனா ஒரு மாசத்துல அழுகிடும், அப்படி ஒரு ரகம். கல்லு மாதிரி தோல், வருஷம் முழுக்கக் கெடாது, ஆனா வாயில வைக்க முடியாது, அப்படி இன்னொண்ணு. ரெண்டையும் சேர்த்து ஒரு நல்ல பிள்ளை எடுக்கணும். என் ஆயுசுல நான் ஆசைப்பட்டது அது ஒண்ணுதான் சார். கல்யாணம்கூடப் பண்ணிக்கலை.

பூசணியில ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒரே ஒரு காலைப் பொழுதுதான் விரியும். நாளைக்கு விரியப்போற மொட்டு முந்தின சாயந்திரமே நுனியில மஞ்சள் காட்டும். அதைப் பார்த்து, துணி காயப்போடுற கிளிப்பை மாட்டிடணும். காலையில நான் வந்து திறந்து, ஆண் பூவோட இதழை உரிச்சுட்டு, உள்ளே இருக்கிற மகரந்தத்தைப் பிரஷ்ஷால எடுத்து, பெண் பூவுல தடவி, மறுபடியும் மூடி, மேலே ஒரு துணி உறையும் கட்டிடுவேன். வேற மகரந்தம் ஒரு துளி பட்டாலும் வருஷ உழைப்பு வீண். வலைக்குள்ள ஈ, எறும்பு வராது. வந்தது எங்க மாப்பிள்ளை.

தங்கச்சி புருஷன். நான் சேர்ந்த வருஷமே தண்ணி பாய்ச்சுற வேலையை அவருக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தங்கமான மனுஷன், ஆனா கை சும்மா இருக்காது. ரெண்டு கையிலயும் கம்பளி போத்தின மாதிரி முடி. நான் வர்றதுக்கு முன்னாடியே வந்து, ஒவ்வொரு கிளிப்பா எடுத்துவிட்டு, விரலை உள்ளே விட்டுப் பார்த்துட்டு, திரும்ப மாட்டி வெச்சிடுவார். ஒரு நாள் கையும் களவுமா பிடிச்சேன்.

"என்ன மாப்பிள்ளை பண்றீங்க?"

"பாவம் மச்சான், மூக்கைப் பிடிச்ச மாதிரி மாட்டி வெச்சிருக்கீங்க. பூவுக்கு மூச்சு முட்டாதா?"

அவர் தொட்ட பூவோட விதையைப் போட்டா தலையணை நீளத்துக்கு ஒரு காய் வந்துச்சு. அடுத்த தடவை கசப்பு, வேப்பெண்ணெய் தோத்துடும். வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். கையைச் சவரம் பண்ணிக்குங்கன்னேன். வீடு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். தங்கச்சியும் சிரிச்சா. ஆனா நான் கோபப்படலை சார்.

யோசிச்சுப் பார்த்தேன். ஆயிரம் பூவுக்கு உறை போடுறதைவிட ஒரு ஆளுக்கு உறை போடுறது சுலபம். பூவுக்குப் போடுற அதே வெள்ளைத் துணி. காத்து போகும், மகரந்தம் போகாது. பூவுக்கு ஒரு மடிப்பு போதும், அவர் பெரிய ஆளுங்கிறதால நாலு மடிப்பா தைச்சேன். பூ நிறைய விரியுற நாள் காலையில, நாத்து வளர்க்கிற கண்ணாடி அறைக்குக் கூட்டிட்டுப் போய், "கொஞ்சம் உள்ளே நில்லுங்க மாப்பிள்ளை, அளவு பார்க்கணும்"னேன்.

"என்ன மச்சான், எனக்கே கிளிப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே உறைக்குள்ள காலை விட்டு நின்னார். அவ்வளவு நம்பிக்கை என் மேல.

மேலே முடிச்சுப் போட்டு, தேதி எழுதின அட்டையைக் கட்டினேன். அது எங்க வழக்கம். மதியத்துக்குள்ள பூ வாடிடும், அவிழ்த்துவிடலாம்னுதான் நினைச்சேன். நடுவுல ரெண்டு மூணு தடவை, "மச்சான், ரொம்பப் புழுங்குது"ன்னார். வெயில் காலத்துல கண்ணாடி அறை புழுங்கத்தான் செய்யும். அப்புறம் சத்தம் நின்னுடுச்சு. எனக்கும் வேலையில கவனம் நல்லா பிடிச்சது.

சாயந்திரம் பார்த்தா மறுநாளுக்கும் நிறைய மொட்டு மஞ்சளா நின்னுச்சு. காய் பிடிக்கிற வரைக்கும் உறையைப் பிரிக்கக் கூடாது சார், இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுக்கிறதே அதுதான். அறையைப் பூட்டிட்டு வந்தேன்.

தங்கச்சியோட நானும் தேடினேன். ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், எல்லா இடமும் போனோம். இந்த ஸ்டேஷனுக்கும் நான்தான் கூட்டிட்டு வந்தேன், இதே பெஞ்சுலதான் உட்கார்ந்தோம். "அவர் என்கிட்ட சொல்லாம எங்கேயும் போக மாட்டாரு அண்ணா"ன்னு என் தோள்ல சாய்ஞ்சு அழுதா. எனக்கும் அழுகை வந்துடுச்சு. அது நடிப்பு இல்லை, அதையும் எழுதிக்குங்க. நாத்தம் வந்தப்போ, முட்டைக்கோஸ் பாத்தி அழுகுதுன்னு சொல்லி வெச்சேன்.

கஷ்டம் என்னன்னா, இந்தத் தடவை ஒரு பிஞ்சுகூட நிக்கலை. எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துடுச்சு. என்னோட மேலதிகாரி அம்மா வந்து பக்கத்துல நின்னு நான் வேலை செய்யுறதைப் பார்த்தாங்க. "பிரஷ்ஷை எதுல கழுவறீங்க?"ன்னாங்க. ஸ்பிரிட்ல, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு தடவைன்னேன். சுத்தம்னா சுத்தம், நான் அப்படித்தான்.

"ஈரத்தோட தொட்டா மகரந்தம் செத்துடுமேங்க. இத்தனை வருஷமா இப்படியா? அப்போ அந்தக் காயெல்லாம் எப்படிப் பிடிச்சது?"

சாவியைக் கேட்டாங்க, கண்ணாடி அறையைத் திறந்து பார்க்கணும்னு. கொடுத்துட்டேன். அப்புறம்தான் நீங்க வந்தீங்க.

கொன்னேன்னு எழுதணும்னா எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். அந்த அம்மா கேட்டதையும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். காய் பிடிச்சதெல்லாம் மாப்பிள்ளை கை பட்டதாலதான். அதனால விதைப்புக்கு முன்னாடி என்னை விட்டுட்டா நல்லது. தங்கச்சிக்கு நல்ல இடமா, வேற மாப்பிள்ளை பார்க்கணும். அவரை நானே கூடாரத்துக்குள்ள கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டறேன். இந்தத் தடவை, எதையும் தொடாதீங்கன்னு சொல்லவே மாட்டேன்.