கதவுக்கு வெளியிலிருந்து வந்த வரி

மூலைமட்டமும் கவராயமும் பொறித்த பதக்கம் மார்பில் மின்ன, முழங்கால் வலியை முகத்தில் காட்டாத முதல்வரே, கொத்தனார் பெயரைத் தாங்கிய எங்கள் ஃப்ரீமேசன் சபையின் தலைமைப் பீடத்திலிருந்து இன்று இறங்கும் பெருந்தகையே, முதலில் அந்த உள்ளரங்கின் கதவைத் திறந்து தங்கள் இல்லத்தரசியான அம்மாவை உள்ளே அமர வையுங்கள்.

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று இம்மடலை எழுதியவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "நல்லா எழுதுவியாமே, நாலு பக்கம் புகழ்ந்து எழுது. பொம்பளைங்களை உள்ள விடுறதப் பத்தி மட்டும் வாயத் திறக்காதம்மா," என்றார் செயலாளர். சபை அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள் அவள், கொத்தனாரின் மகள், வீட்டில் முதல் பட்டதாரி. தலையை ஆட்டினாள். ஒப்புக்கொண்டு ஆட்டவில்லை.

சாதித்ததைச் சொல்லிக்கொள்ளாத செம்மலே, தங்களைப் புகழ அவளுக்குக் கூலி தேவையில்லை. வேலைக்கு அவள் வந்த நாளில் உறுப்பினர் ஒருவர், "கொத்தனார் பொண்ணா? நம்ம சபைக்கா?" என்று இழுத்தார். "நாமளும் கொத்தனாருங்கன்னுதானே சார் சொல்லிக்கிறோம். நம்மள்ல யாராவது ஒரு செங்கல்லத் தூக்கியிருக்கோமா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தவர் தாங்கள். அரசு மருத்துவமனையில் சபை கட்டிக்கொடுத்த தீக்காயப் பிரிவுக்குக் கட்டில்கள் வந்திறங்கிய மழை நாளில், ஆள் வரவில்லை என்றதும் வேட்டியை மடித்துக் கட்டி கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தவரும் தாங்களே. மறுமுனையைப் பிடித்த சபைச் சகோதரர் ஊரறிந்த நீதிபதி. "ஐயா, உங்க தீர்ப்பு கோணலாப் போகுது, கொஞ்சம் தூக்குங்க," என்றீர்கள். பதவிக்குப் பணியாத பண்பாளர், எளியோர்க்கு இரங்கும் ஏந்தல், சபைக்குள் அனைவரும் சமம் என்பதைப் பேச்சோடு நிறுத்தாத சீலர் என்றெல்லாம் அவள் எழுதினால் அத்தனையும் உண்மை.

ஆகையால்தான் கோபம்.

புதிதாகச் சேரும் சகோதரருக்குத் தலைவர் ஒரு நீண்ட உபதேசம் சொல்ல வேண்டும். தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்பது விதி. பெண்கள் காதில் அது விழக் கூடாது என்பதும் விதி. விதி வழுவாத வித்தகரே, அந்த உபதேசத்தைத் தாங்கள் மனப்பாடம் செய்த இடம் தங்கள் வீட்டுக் குளியலறை. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா காதை எங்கே கழற்றி வைப்பார்?

ஒரு மாலை, உள்ளரங்கில், பாதி உபதேசத்தில் தங்கள் நாக்கு நின்றது. வரி எடுத்துக்கொடுக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்திருந்தார். மூடிய கதவுக்கு வெளியே, தாழ்வாரத்துப் பெஞ்சில், அம்மாவும் தட்டச்சுப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எழுந்தார். கதவிடுக்கில் வாயை வைத்து, அடுத்த வரியைத் தெளிவாகச் சொன்னார். சபைச் சடங்குப்படி உருவிய வாளோடு வாசலில் நின்ற காவல் அண்ணன், "அம்மா, நான் இப்ப உங்கள வெட்டணுமா?" என்று கேட்டார்.

"வெட்டிட்டு மிச்சத்த நீயே சொல்லிக்குடு," என்றார் அம்மா.

உள்ளே தங்கள் குரல் அந்த வரியைப் பற்றிக்கொண்டு கடைசி வரை போனது. தலைவர் பிசகாமல் சொன்னார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். மறு வாரம் கதவிடுக்கில் ரப்பர் பட்டை அடித்தார்கள். பெஞ்சைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனார்கள். நீதிபதியிடமே கோணல் என்று சொன்ன வாய் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

"உள்ள விடச் சொல்லி ஐயாகிட்ட நீங்களே கேட்டா என்னம்மா?" என்று அவள் பொரிந்தாள்.

"கேட்டேன்டி. விதியாம். குளிக்கிற ரூம்ல அந்த விதிய எங்க மாட்டியிருந்தாரோ." அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஒரே ஒரு தடவை, உள்ள உக்காந்து, அவரு அத முழுசாச் சொல்றதக் கேக்கணும். தண்ணிச் சத்தம் இல்லாம."

இன்று தங்களுக்கான இந்தப் பிரிவு விருந்து முடிந்ததும் தாங்கள் கடைசி முறையாக அதைச் சொல்லப் போகிறீர்கள். தோட்டத்துப் பெஞ்சில் துடைத்து வைத்த இடம் அம்மாவுக்காகக் காத்திருக்கிறது.

முழங்கால் தேறி, மூச்சு சீராகி, நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழ்க. தங்களுக்கு வரி எடுத்துக்கொடுத்தவரும் தங்களோடு வாழ்க. இம்மடலைச் சட்டமிட்டு மாட்டுவதானால் தாழ்வாரத்தில், அம்மா நின்ற இடத்தில் மாட்டுங்கள்.

சபையின் சமையற்கூடத்தில் வேலை செய்பவர்களிடம் இம்மடலுக்கு அவள் கையெழுத்துக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை வேண்டும். காவல் அண்ணன் மட்டும், "நான் படிக்கிறேன், என்ன பண்ணிடுவாங்க, வாளு என்கிட்டதானே இருக்கு," என்று இதை வாங்கிக்கொண்டார். அவர் வாசிக்கும் இந்நேரம் அவள் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கிறாள். வேலையை விடும் கடிதம் காலையிலேயே செயலாளர் மேசைக்குப் போய்விட்டது. யாரும் மிரட்டிச் சிரமப்பட வேண்டாம்.

உள்ளரங்கின் சாவி அலுவலக ஆணியில் இல்லை. அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. உள்ளே போக வேண்டியவர்கள் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

என்ன சொல்லிக் கேட்பீர்கள் என்று பார்க்க அவள் நிற்கவில்லை. முன்வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போகிறாள்.

இவண்,
இன்று மாலை வரை தங்கள் சபையின் தட்டச்சர்