பதினாலு நாளில் விட்டவர்

— இஞ்சாருங்கோ, அதென்ன கக்கத்துக்கை சுருட்டி வைச்சிருக்கிறியள்?

— என்ர படம். லூசியா தன்ர கடைக் கண்ணாடியிலையிருந்து கழட்டித் தந்தவள்.

— கழட்டிப்போட்டாளோ? அவள் பத்திரமா வைச்சிருப்பாள் எண்டெல்லோ நினைச்சன்.

— தொடங்காதையும், அற்புதம். கடையைச் சோதிக்க இண்டைக்குக் கொன்றோல்காரர் வந்தவை. கண்ணாடியிலை விளம்பரம் ஒண்டும் இருக்கக் கூடாதாம். மே மாசத்துச் சட்டம்.

— எலெக்ட்றோனிக் சிகரெட்டுக்கோ?

— ஓம். சிகரெட்டை நிப்பாட்டும் எண்டு எழுத, அது மருந்தும் இல்லையாம்.

— பாவம். "லா சப்பல் நீக்கிலாஸ். இருபத்திரண்டு வருசம் சிகரெட் பத்தினவர், பதினாலு நாளில் விட்டவர்." என்ன வடிவான எழுத்து.

— பாடமாக்கி வைச்சிருக்கிறீர்.

— சார்செல் வீட்டிலையிருந்து பாரிசுக்குச் சாமான் வாங்கப் போற நேரமெல்லாம் உங்கட முகத்தைத்தானே பாத்தன். ஏழு மாசம். அந்த இருபத்திரண்டிலை பதினெட்டு வருசம் என்னோடை. சண்டை பிடிச்சன். பட்டினி கிடந்தன். மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சன். அவள் ஒரு எலெக்ட்றோனிக் குழலைக் கையிலை தந்தாள்... பதினாலு நாள்.

— அந்த நேர்த்தி முடிச்சீரோ?

— இல்லை.

— ஏன்? ஆளுயர மெழுகுதிரி எண்டெல்லோ...

— ஆருக்குக் கொளுத்திறது? மாதாவுக்கோ, லூசியாவுக்கோ?

— அவளுக்கு அது வியாபாரம்.

— குழலுக்கை ஊத்த எலுமிச்சை வாசம் உங்களுக்குப் பொருந்தும் எண்டு தெரிஞ்செடுத்துத் தந்ததும் வியாபாரமோ?

— முன்னுக்குக் கிடந்த போத்தில் அது.

— படத்துக்கு அந்த நீலச் சட்டை? நான் வாங்கித் தந்தது. ஒரு கலியாண வீட்டுக்கும் நீங்கள் போடேல்லை.

— ...சும்மா போட்டன். அதை விடும். ஆரோ காயிதம் எழுதித்தான் அவை வந்திருக்கினம்.

— ஆராம்?

— பேர் இல்லை. ஆனால் அவை காட்டின காயிதத்தைப் பாத்தன்; குணரத்தினத்தாரின்ர மொழிபெயர்ப்புக் கந்தோரிலை தட்டினது. "தங்களின் மேலான கவனத்துக்கு" எண்டு பிரெஞ்சிலை எழுதுறவர் அவர் ஒருத்தர்தான்.

— வேறை என்ன எழுதிக் கிடக்காம்?

— அதிலை இன்னொண்டும் கிடக்கு. "படத்தில் உள்ளவர் இன்றும் ஒளித்துப் புகைப்பவர், ஆகவே விளம்பரம் பொய்." லூசியாவுக்கு முகம் செத்துப் போச்சு. "நீக்கிலாஸ் அண்ணை, உண்மையோ?" எண்டு கேட்டாள்.

— அண்ணை எண்டோ?

— எப்பவும் அப்பிடித்தான் கூப்பிடுறவள்.

— எனக்கு நீங்கள் அதைச் சொல்லேல்லை.

— நீர் கேக்கேல்லை.

— ...நான்தான் எழுதுவிச்சனான்.

— ம்.

— சட்டத்தை மட்டும் எழுதினால் கடைக்குத் தண்டத்தோடை முடிஞ்சிடும். அவள்தான் உங்களைத் திருத்தினவள் எண்ட கதை அப்பிடியே நிக்கும். அதுதான் மற்றதையும் சேர்த்தன். "சாட்சி இருக்கோ பிள்ளை?" எண்டு குணரத்தினத்தார் கேட்டவர். இருக்கெண்டன். பொய்... ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்திலை சொல்ல வேணும்.

— சொல்லத் தேவையில்லை.

— ஏன்?

— பதினைஞ்சாம் நாளே திரும்பத் தொடங்கிட்டன். வேலையிலை, ரெஸ்ரோறன்ர் குசினிக்குப் பின்னாலை. நாளுக்கு ஏழு எட்டு சிகரெட். வீட்டை வரேக்கை மணம் மறைக்க அந்தக் குழலை ரெண்டு இழுவை. படத்தைக் கண்டு நீர் அண்டைக்கு அழுதீர்... சந்தோசமெண்டு நினைச்சன். பிறகு எப்பிடிச் சொல்லுறது?

— லூசியாவுக்குத் தெரியுமோ?

— இல்லை. காயிதம் பொய்யெண்டுதான் அவளுக்குச் சொன்னன்.

— அப்ப எனக்குத்தான் முதல்லை...

— உமக்கு மட்டும்தான்.

— ...அந்தப் படத்தை இஞ்சை தாங்கோ. நீலச் சட்டை உங்களுக்கு வடிவு.