செய்தவர் பெயர்

அக்கா: கையை எடுடி. இது என் லேப்டாப்.

தங்கச்சி: ஒரு நிமிஷம்க்கா. என் செட்டிங்ஸ் ஃபைலை அப்படியே உனக்குப் போட்டுட்டேன். நாலு வருஷமா பாத்துப் பாத்து செஞ்சது.

அக்கா: எனக்கு அந்தப் பழைய கறுப்புத் திரையே போதும். இதென்ன, ஓரத்துல ராக்கெட்?

தங்கச்சி: அழகா இருக்குல்ல? நீ என்டர் தட்டினா கலர் மாறும்.

அக்கா: எதுக்கு மாறணும்?

தங்கச்சி: ...சும்மா மாறும்க்கா.

அக்கா: நான் வேலையை விட்டப்ப ஒரு வெப் பக்கம் செய்ய மூணு ஃபைல். இப்ப என்னமோ இறங்கிக்கிட்டே இருக்கு?

தங்கச்சி: எண்ணூத்திச் சொச்சம் ஃபோல்டர். வந்துடும்.

அக்கா: இவ்வளவும் எதுக்கு?

தங்கச்சி: ஒரு பட்டன் வைக்க.

அக்கா: ஒரு பட்டனுக்கா?

தங்கச்சி: என்னை ஏன் முறைக்கிறே? நானா கண்டுபிடிச்சேன்?

அக்கா: என் பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஏதோ ஒரு புது முறைக்கு மாறினாங்களே, அது என்னாச்சு?

தங்கச்சி: அது பழசாச்சு. அதுக்கு அடுத்தது வந்து, அதுவும் பழசாச்சு. இப்ப பக்கத்தை சர்வர்லயே தயார் பண்ணி அனுப்புறாங்க. அதான் புதுசு.

அக்கா: அடிப்பாவி! அதைத்தானே நாங்க முதல்லயே செஞ்சோம்!

தங்கச்சி: பாத்தியா? நீ ஆறு வருஷம் வீட்டுல உட்காந்திருந்தே. உலகம் ஊரெல்லாம் சுத்திட்டு உன் வாசலுக்கே வந்துடுச்சு.

அக்கா: கிண்டல் பண்ணாதே. வேலைக்குப் பரீட்சையா, ஆஸ்பத்திரியில டாக்டரைப் பாக்க நேரம் குறிக்கிற பக்கம் ஒண்ணு செய்யச் சொல்லியிருக்காங்க. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அனுப்பணும். இதுவும் இல்லைன்னா இனிமே நான் எந்த ஆபீசுக்கும் எழுதிப் போடறதா இல்ல.

தங்கச்சி: கிடைக்கும்க்கா. உட்காரு. ஒரு எழுத்துகூட நான் அடிக்கமாட்டேன், போதுமா?

அக்கா: போறப்ப ராக்கெட்டையும் எடுத்துட்டுப் போ.

* * *

தங்கச்சி: வந்துட்டேன், வந்துட்டேன்... படியை ரெண்டு ரெண்டா தாவி வந்தேன். எங்க மெயில்?

அக்கா: நீயே படி.

தங்கச்சி: "பக்கம் மிகவும் நன்றாக இருக்கிறது." அக்கா!

அக்கா: அடுத்த வரி.

தங்கச்சி: "ஆனால் நீங்கள் சேமித்த ஒவ்வொரு பதிவிலும், செய்தவர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருக்கிறது. இன்று மூன்று மணிக்கு வீடியோ அழைப்பில் வந்து விளக்கவும்." வேறொருவரா? யாரு?

அக்கா: நீ.

தங்கச்சி: நானா? நான் தொடவே... ஐயோ. அந்த செட்டிங்ஸ் ஃபைல்! அதுக்குள்ள என் பேரும் இருக்கு. நீ வேலையைச் சேமிக்கிறப்பல்லாம்...

அக்கா: உன் பேரு விழுந்திருக்கு. முப்பத்தொரு தடவ.

தங்கச்சி: வேற ஆளை வச்சு செஞ்சேன்னு நினைப்பாங்களேக்கா! நான் ஒரு முட்டாள். கண்ணை மூடிக்கிட்டுக் காப்பி பண்ணிட்டேன்.

அக்கா: மூக்கைத் துடை முதல்ல. உள்ளதைச் சொல்லிடறேன். என் தங்கச்சி செட்டிங்ஸ் போட்டுக் கொடுத்தா, அதுல...

தங்கச்சி: தங்கச்சின்னு சொல்லாதே. ஃப்ரெண்டுன்னு சொல்லு.

அக்கா: ஏன்?

தங்கச்சி: சும்மாதான்... வீட்டு ஆளுன்னா சந்தேகம் ஜாஸ்தியாகும்.

அக்கா: பொய் சொல்றப்ப காதைத் தடவுவே நீ. இப்பவும் தடவுறே.

தங்கச்சி: அரிக்குது! மணி ரெண்டே முக்கால். தலையைச் சீவுக்கா. நான் வெளியில நிக்கறேன்.

* * *

தங்கச்சி: பத்து நகமும் போச்சு. சொல்லு, சொல்லு. என்ன கேட்டாங்க?

அக்கா: ஒரு அம்மாதான் பேசினாங்க. செட்டிங்ஸ் விஷயத்தைச் சொன்னேன். நிஜமா நீங்கதான் செஞ்சீங்கன்னா, நோயாளி பேரு நீளமா இருந்தா பட்டன் கீழ ஓடிப்போகுது, இப்பவே சரி பண்ணுங்கன்னாங்க.

தங்கச்சி: அவங்க பாத்துக்கிட்டிருக்கறப்பவா?

அக்கா: முதல் ரெண்டு நிமிஷம் தப்புத் தப்பா அடிச்சேன். அப்புறம் அவங்க இருக்கறதே மறந்துபோச்சு. பட்டன் ஒழுங்கா மேல வந்து நின்னுச்சு.

தங்கச்சி: அப்புறம்?

அக்கா: திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.

தங்கச்சி: இதை முதல்ல சொல்லமாட்டியா!

அக்கா: ஏய், இறக்கிவிடு... இடுப்பு புடிச்சுக்கப்போகுது! இறக்குடி!

தங்கச்சி: மன்னிச்சுக்கோக்கா. என் ஒரு ஃபைலால இந்த வேலையே போயிருக்கும்.

அக்கா: நீ மன்னிப்புக் கேக்காதே. கேட்டா எனக்குக் கூச்சமா இருக்கு.

தங்கச்சி: உனக்கு என்ன கூச்சம்?

அக்கா: உன் பேரு விழறதை நான் முதல் பதிவுலயே பாத்துட்டேன்.

தங்கச்சி: பாத்துட்டும் விட்டுட்டியா? ஒரு வரி அடிச்சா மாறிடுமே!

அக்கா: அந்த வரியும் தெரியும்.

தங்கச்சி: அப்புறம் ஏன்க்கா?

அக்கா: ஆறு வருஷம் ஆச்சேடி... தோத்தா என் பேருல தோக்க வேண்டாம்னு இருந்துச்சு. உன் பேரு எங்கயும் தோத்ததில்ல பாரு... ஏய், என்ன சிரிப்பு? அந்த அம்மாவும் உன் பேரைப் படிச்சுட்டு இப்படித்தான் சிரிச்சாங்க.

தங்கச்சி: அந்தப் பேரு போன மாசம் அதே ஆபீஸ்ல, அதே பரீட்சையில தோத்துப்போச்சுக்கா.