ஈரச் சாக்குக் கேள்வி

இல்லம்மா, மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு அவ காதுபட சொல்லாதீங்க. உள்ள போயி உக்காந்துட்டால்ல? சரி. அஞ்சலாட்சிதான பேரு? மத்த புள்ளைங்க மெழுகுவத்தி மேல டம்ளரக் கவுத்துப் பாத்துக்கிட்டு இருக்குதுங்க, அவளும் கொஞ்ச நேரம் வேடிக்க பாக்கட்டும். நீங்க உக்காருங்க. பூக்கூடைய இப்படி ஓரமா வைங்க. பெரிய மார்க்கெட்டுலேர்ந்து நடந்தேவா வந்தீங்க? தண்ணி குடிங்க மொதல்ல. மதாம்லாம் வேணாம், அக்கான்னே கூப்புடுங்க.

சயின்ஸுல பதினெட்டு மார்க்குன்னா இப்ப என்ன கெட்டுப்போச்சு? ஏழு மார்க்கோட ஒருத்தன் வந்தான் இங்க டியூஷனுக்கு, ஃபாபிரிஸ்னு. ரெண்டு மாசம் வாயே தொறக்கல. எதக் கேட்டாலும் தரையத்தான் பாப்பான். நான் என்ன பண்ணேன், போர்டுல வேணும்னே தப்பாத் தப்பா எழுதுனேன். ஒருநா, ஒடம்பு பூரா ரத்தத்த அனுப்புறது நுரையீரல்னு எழுதிட்டுத் திரும்புறேன், மிஸ் அது இதயம்னு கத்திட்டான். கத்திட்டு அவனே பயந்துட்டான். ஆமாண்டா நாந்தான் தப்பு, வந்து அழிச்சிட்டு நீ எழுதுன்னு சாக்பீசக் குடுத்தேன். அன்னையிலேர்ந்து அவன் வாய மூட வைக்கறதுதான் பெரும்பாடு. தெரியலன்னு சொல்ல ஒரு புள்ள பயப்படக் கூடாதும்மா. அந்த தைரியம் வந்துட்டா பாடம் தானா பின்னாடி வரும்.

என்னா? அடிச்சாலும் கேக்க மாட்டீங்களா? வேணாம்மா, அந்த உரிமைய எனக்குக் குடுக்காதீங்க. நான் அடிக்கவும் மாட்டேன், ஒரு வார்த்த திட்டவும் மாட்டேன்.

ஏன்னா... சொல்லித்தான் ஆவணும். இன்னும் கொஞ்ச நேரம் இருப்பீங்கல்ல?

ஒரு ஸ்கூலு. பேரு எதுக்கு. தொண்ணூத்தொம்போதுல, ஒம்போதாங் கிளாசு. அங்க ஒரு மிஸ்ஸு. பதினஞ்சு வருஷ சர்வீசு, சயின்ஸுன்னா அவங்கதான்னு ஊர்ல பேரு. அன்னைக்கி மேலதிகாரி ஒருத்தரு கிளாஸ் பாக்க வந்து கடைசியில உக்காந்துட்டாரு. வெப்பம்ங்கற பாடம். நடத்தி முடிச்சிட்டு, சந்தேகம் இருந்தாக் கேளுங்கன்னாங்க மிஸ்ஸு. சும்மா ஒப்புக்குத்தான். எவளும் கேக்க மாட்டாள்னு தெரியும்.

ஒரு பொண்ணு எழுந்தா. வெரல்ல எல்லாம் பூ கட்டுற நாரு அறுத்த கோடு. மிஸ், பூ மேல ஈரச் சாக்கப் போட்டா அந்த வெயில்லயும் பூ குளுந்து கெடக்குதே, பூவுல இருந்த சூடு எங்க மிஸ் போவுதுன்னு கேட்டா.

எம்மாம் பெரிய கேள்வி தெரியுமா அது? தண்ணி ஆவியாப் போறப்ப சூட்டையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போவுதும்மா. அந்த ஒரு கேள்விய வச்சே ஒரு வாரம் பாடம் எடுக்கலாம். ஆனா மிஸ்ஸுக்கு அந்த நிமிஷம் பதில் வரல. அதிகாரி பேனாவத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு மொகத்தையே பாக்குறாரு. நாளைக்கிப் பூ விக்கப் போறவளுக்குச் சூடு எங்க போனா என்னடி, உக்காருன்னுட்டாங்க.

கிளாசே சிரிச்சுது. அந்த ஆளும் சிரிச்சாரு. அவ உக்காரல. பெல்லு அடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா.

மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. திமிருன்னு நெனச்சாங்க மிஸ்ஸு. ஒரு மாசம் கழிச்சி ரெஜிஸ்டர்ல அவ பேர அடிக்கறப்பதான் தான் சொன்ன வார்த்த ஒறைச்சுது. தேடிக்கிட்டு நெல்லித்தோப்புக்குப் போனா, வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க. அப்பறம் அந்த மிஸ்ஸால கிளாஸுல நிக்க முடியல. சந்தேகம் இருந்தாக் கேளுங்கன்னு சொல்ல வருவாங்க, சொல்லாமயே பொஸ்தகத்த மூடிடுவாங்க. அந்த வருஷக் கடைசியில வேலைய விட்டுட்டாங்க.

ஏம்மா எழுந்துக்கறீங்க? அந்தப் பொண்ணு பேரா? சொல்றேன், உக்காருங்க.

போன மாசம் கடலூர் பஸ்ஸுல போறப்ப தவளக்குப்பம் ஜங்ஷன்ல அவளப் பாத்தாங்க. பூக்கட போட்டிருக்கா. மடியில கைக்கொழந்த. மிஸ்ஸு எறங்கிப் போயி எதிர்ல நின்னதும், கட்டிக்கிட்டிருந்த பூவ அப்படியே போட்டுட்டு எழுந்து நின்னுட்டாம்மா. ஏழு வருஷம் ஆச்சு. கொழந்தைய இடுப்புல வச்சிக்கிட்டு, வணக்கம் மிஸ்ங்கறா. உக்காரும்மான்னு சொன்னப்பறந்தான் உக்காந்தா. ஏம்மா படிப்ப விட்டுட்டன்னு கேட்டாங்க. எனக்குப் படிப்பு வராது மிஸ்ங்கறா. கோவத்துல சொல்லல. நெசமாவே நம்பிக்கிட்டு இருக்கா. ஈரச் சாக்கப் பத்திக் கேட்டியே, ஞாபகம் இருக்கான்னா, நானா, நான்லாம் எங்க மிஸ் கேள்வி கேட்டேன்னு சிரிக்கிறா.

மன்னிப்புக் கேக்கணும்னுதான் போனது. ஆனா ரெண்டு மொழம் குடும்மான்னுதான் வாயில வந்துச்சு. வாங்கிக்கிட்டு அடுத்த பஸ்ஸு ஏறியாச்சு.

அழாதீங்கம்மா. ஆமா, ஒங்க வேம்புதான். பெரியவ பேரு வேம்பு, தவளக்குப்பத்துல கட்டிக் குடுத்திருக்கோம்னு நீங்க வந்ததும் சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சிடுச்சு. ஸ்கூலுக்குப் போவாம இருக்க அவ வயித்து வலின்னு பொய் சொல்றான்னு அடிச்சீங்களா? அடிச்சிருப்பீங்க. இருட்டுல மார்க்கெட்டுக்குக் கெளம்புனவங்க நீங்க, ஸ்கூல்ல நடந்தது ஒங்களுக்கு யாரு வந்து சொல்றது? ஒங்க மேல தப்பு இல்லம்மா.

யாரு மேலயும் ஒண்ணும் சொல்லலயா அவ? ஜொசியான் மிஸ்னு ஒரு தடவ கூடவா வீட்டுல சொல்லல?

நாந்தாம்மா அது.